மஞ்சள் விளக்குப் பேஜோ

அபிஷன் கார் விளக்கைப் போட்டதும் குணவதிக்குத் திக்கென்றது. மோர்னிங்சைட் வீட்டின் முன்னால், பனியை வழித்து ஒதுக்கிய இடத்தில் நின்ற அந்தப் பழைய பேஜோ கார் இரண்டு கண்ணையும் திறந்தது. இரண்டும் மஞ்சட்காமாலைக்காரனின் கண்கள்.

"தம்பி, உதென்ன, உன்ர காருக்கு ஏதும் வருத்தமோ?"

ஊர் உலகத்துப் பிள்ளைகள் ரொயோட்டா வாங்குவார்கள், வசதி கூடினால் ரெஸ்லா வாங்குவார்கள். அவள் பெற்ற பிள்ளை, தன்னைவிட வயது கூடிய ஒரு தகரத்தைப் பிரான்சிலிருந்து கப்பலில் இறக்குவித்திருக்கிறான். பிறம்ரனில் ஒரு சாமான் கிடங்கை மேற்பார்வை பார்க்கிற வேலை, உழைப்பெல்லாம் இதற்கே போகிறது. கலியாணப் பேச்சை எடுத்தால் மட்டும் "பாப்பம்" என்பான்.

"வருத்தம் இல்லை அம்மா, உதுதான் ஒறிஜினல்," என்றான் அபிஷன். "பிரான்சிலை அந்தக் காலத்துக் கார் எல்லாத்துக்கும் மஞ்சள் லைட்தான். சட்டம்."

"எல்லாத்துக்குமோ?"

"ஓம். இரண்டாம் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னம் போட்ட சட்டம். தொண்ணூற்று மூண்டிலைதான் எடுத்தவங்கள். மஞ்சள் எண்டால் எதிரிலை வாறவனுக்குக் கண் கூசாதாம். ஜேர்மன்காரன்ர வாகனத்தைப் பிரிச்சறியத்தான் போட்டது எண்டும் ஒரு கதை இருக்கு. வெள்ளை லைட்டோடை ஒருத்தன் வந்தால் வெளிநாட்டு வாகனம் எண்டு ரோட்டிலை நிக்கிற எல்லாருக்கும் தெரியும்."

சிரித்துக்கொண்டிருந்த குணவதியின் முகம் அப்படியே நின்றது.

அன்றைக்கு அவளுடைய அண்ணன் ராகுலனின் திவசம். தொண்ணூற்றோராம் ஆண்டு தை மாதம், பாரிசுக்கு வெளியே ஒரு தெருவில் வாகனம் அடித்துச் செத்துப்போனவர். அப்போது குணவதி ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அண்ணனையும் இங்கே கூப்பிட அலைந்துகொண்டிருந்தாள். அண்ணன் வரவில்லை, அண்ணனோடு ஒரே அறையில் இருந்த பேனாட்தான் வந்தார்.

வந்த பேனாட் அண்ணை இந்த வீட்டுக்கு அண்ணனாகவே ஆகிவிட்டார். மகள் அட்சயா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில், தான் கிறிஸ்தவ வேதக்காரர் என்றும் பார்க்காமல் தாய்மாமன் இடத்தில் நின்று தேங்காய் உடைத்தவர் அவர். பிள்ளைகளுக்கு அவர் பேனாட் மாமா. ஒவ்வொரு திவசத்துக்கும் படையல் வைத்துத் தேவாரம் பாடி முடிந்ததும் எல்லோரும் நிலத்தில் இருப்பார்கள். பேனாட் அண்ணை அந்தக் கதையைச் சொல்லுவார். இந்த வீட்டில் அதுவும் சடங்கின் ஒரு பகுதியாகிவிட்டது. ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

"வேலை முடிஞ்சு நடந்து வந்தம். சரியான பனிப்புகார். திடீரெண்டு வெள்ளை வெளிச்சம். அந்த வெள்ளை வெளிச்சத்திலை ராகுலன்ர முகம் பளிச்செண்டு தெரிஞ்சுது. என்னைப் பாத்துச் சிரிச்ச முகம். பிறகு ஒண்டும் இல்லை. அடிச்ச பிரெஞ்சுக்காரன் நிக்காமல் போயிட்டான்."

பேனாட் அண்ணைக்கு அப்போது விசா இல்லை. பொலிசுக்குப் போனால் பிடித்து அனுப்பிவிடுவார்கள், அதனால் போகவில்லை. இதில் யாரும் குறை கண்டதில்லை. அகதியாக வந்த எவருக்குத்தான் அந்தப் பயம் தெரியாது? அண்ணனின் சிரித்த முகத்தைக் கடைசியாகக் கண்ட கண்கள் அவருடையவை என்பதற்காகவே குணவதி மற்ற நாட்களில் அவருக்கு மீன் குழம்பு தனியாக எடுத்து வைப்பாள்.

"அம்மா, முன்னுக்கு நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்." அபிஷன் ஓட்டுகிற இருக்கையில் ஏறிக் கைபேசியைத் தூக்கினான். மாலை நாலரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது. குணவதி போய் விளக்குக்கு முன்னால் நின்றாள். கண்ணுக்குள் மஞ்சள் மட்டுமே நிறைந்தது. மகன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை.

"நான் உன்னைக் காணேல்லை தம்பி."

"ஆனா எனக்கு உங்கட முகம் பளிச்செண்டு தெரியுது. சிரியுங்கோ."

அவளுக்குப் பேனாட் அண்ணையின் கதை நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நடந்து வந்தவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? வெளிச்சம் அடித்தால் அவன் கண்ணும் சேர்ந்து கூசியிருக்கும். தன்னைப் பார்த்துச் சிரித்த முகம் முழுசாகத் தெரிய வேண்டுமானால் வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும்.

சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே ஏசிக்கொண்டு உள்ளே போனாள். ஏசியும் நெஞ்சு அடங்கவில்லை.

உள்ளே பேனாட் அண்ணை வழக்கமான கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். குணவதியின் புருசன் தியாகலிங்கம் அண்ணனின் படத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். பின்னாலேயே வந்த அபிஷனுக்கு வாய் நிற்கவில்லை.

"மாமா, ஒரு விசயம் கண்டுபிடிச்சிட்டன். ராகுலன் மாமாவை அடிச்சது பிரெஞ்சுக்காரன் இல்லை. வெள்ளை லைட் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? அந்த நேரம் அங்கை எல்லாம் மஞ்சள். கட்டாயம் வெளிநாட்டு வாகனம்தான்."

பேனாட் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை மெல்ல வைத்தார்.

"மஞ்சளாயும் இருந்திருக்கும் தம்பி. புகார்தானே. ஆருக்கு ஞாபகம்."

குணவதிக்கு நெஞ்சில் அடி விழுந்தது இங்கேதான். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு சொல் மாறாத கதை. பிள்ளை விளையாட்டாய் ஒரு கேள்வி கேட்டதும் நிறமே மாறிவிட்டது. உண்மையைச் சொன்னவர் ஏன் மாற்ற வேண்டும்?

அப்போதுதான் அந்தத் தொலைபேசிப் பேச்சு நினைவுக்கு வந்தது. சாவதற்கு முந்திய கிழமை அண்ணன் பூத்திலிருந்து எடுத்துச் சிரித்துச் சிரித்துக் கதைத்தது. "குணம், நானும் பேனாட்டும் ஜேர்மனியிலையிருந்து ஒரு வான் மலிவா எடுத்திட்டம், விளம்பரப் பேப்பர் போடுற வேலைக்கு. அதைக் கண்டால் இங்கத்தை ஆக்களுக்கு விசர் வருகுதடி. எதிரிலை வாறவன் எல்லாம் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டுறான். பல்ப்பை மாத்தோணும்." அண்ணனுடைய வழக்கமான பகிடி என்று நினைத்துச் சிரித்து விட்டுவிட்டாள். பகிடி இல்லை. அவர்களுடைய வானுக்குத்தான் வெள்ளை விளக்கு.

வான் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு ஏன் நடந்து வந்தார்கள்? இத்தனை திவசத்திலும் அவள் கேட்கவில்லை. வேறு எவரும் கேட்கவில்லை. தன் மடைத்தனத்தின்மேல் ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் புருசனிடம். குரல் தனக்கே வேறாகக் கேட்டது. "வாழையிலை காணாது. தம்பியின்ர புதுக்காரிலை போய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

இலை தாராளமாக இருந்தது. தியாகலிங்கம் அவளுடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மகனோடு வெளிக்கிட்டார். கார் போகிற சத்தம் அடங்கும்வரை அவள் நின்றாள். பிறகு பேனாட் அண்ணைக்கு நேர் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"பேனாட் அண்ணை, வானை ஆர் ஓடினது?"

"எந்த வான் குணம்?"

"ஜேர்மன் வான்."

எந்த வான் என்று அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. எழுபதை நெருங்குகிற மனிதர் ஒரு நிமிடத்தில் இன்னும் பத்து வயது கூடியவராகத் தெரிந்தார்.

"நான்தான்," என்றார். "வான் ஒரு மதிலுக்குக் கிட்ட சேத்துக்குள்ள இறுகிப்போச்சுது. பின்னுக்கு எடுக்கவேணும். அவன் இறங்கி மதிலடியிலை முன்னுக்கு நிண்டு, வா வா எண்டு பகிடிக்குக் கையைக் காட்டினவன். எனக்கு லைசன்சும் இல்லை, ஓட்டமும் வடிவாத் தெரியாது. ரிவேசிலை கிடக்குதெண்டு நினைச்சு மிதிச்சன் குணம். முன்னுக்குப் பாஞ்சிட்டுது."

குணவதி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்பில் கத்தரிக்காய்ப் பால்கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. எழுந்துபோய் அணைக்க அவளால் முடியவில்லை.

அவள் அழவில்லை. அழுகைக்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நின்றது. அதை அவள் ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

"ராகுலன் அண்ணைக்கு உடனை உயிர் போயிட்டுதோ?"

பேனாட் அண்ணை நிலத்தைப் பார்த்தார். அவர் பொய் சொல்லட்டும், இந்த ஒன்றுக்கு மட்டும் பொய் சொல்லட்டும் என்று அவளுடைய மனம் கெஞ்சியது.

"இல்லை."

"ஆரையும் கூப்பிட்டனீங்களோ?"

"ரெலிபோன் பூத் கிட்டத்தான் இருந்தது." அவர் அழத் தொடங்கினார். "அவன்தான் சொன்னவன் குணம். 'ஓடு பேனாட், பொலிஸ் வந்தால் உன்னைப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள், ஓடு' எண்டு. அவன் சொன்னபடியால்தான் வானை எடுத்துக்கொண்டு ஓடினனான். கடவுளறிய இது பொய்யில்லை."

குணவதி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராகுலன் அண்ணன் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். உயிர் போகிற நேரத்திலும் மற்றவனுடைய விசாவை நினைக்கிற ஆள்தான். அந்தச் சொல்லை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அண்ணன் சொன்னார் என்று சொல்வது இந்த வாய். நடந்து வந்தோம் என்றதும், பிரெஞ்சுக்காரன் என்றதும் இதே வாய்தான். இனிச் சாகும்வரை, அது மெய்யா பொய்யா என்று கேட்க இந்த ஒரு வாயைவிட அவளுக்கு வேறு ஆள் இல்லை. மதிலடியில் அண்ணன் எவ்வளவு நேரம் தனியாகக் கிடந்தார் என்பதை இவரால்கூடச் சொல்ல முடியாது.

வெளியில் கார் வந்து நின்றது. திரைச்சீலையில் மஞ்சள் பரவி, பேனாட் அண்ணையின் நனைந்த கன்னத்தில் விழுந்தது. அவர் அவசரமாக முகத்தைத் துடைத்தார்.

"குணம், பிள்ளையளுக்குச் சொல்லாதை. உன்ர காலிலை விழுறன்."

"நான் சொல்லமாட்டன்," என்றாள் குணவதி. எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். கருகிய கறியை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். கதவடியில் அபிஷன் சப்பாத்தில் பட்ட பனியைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நீங்கள்தானே ஒவ்வொரு வருசமும் சொல்லுறனீங்கள். இண்டைக்கும் நீங்களே சொல்லுங்கோ. இந்த முறை வானுக்குள்ள இருந்து சொல்லுங்கோ."