இடைவெளியார் பஸ் ஏறிய கதை

மாநகரப் பேருந்துக் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு ‘இடைவெளியார்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, டிரைவர்கள் வைத்தது. பெரிய திரையில் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்துபோகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முன்னால் போகும் பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கூட்டத்தை அள்ளிக்கொண்டு தாமதமாகும். பின்னால் வருவது காலியாக ஓடிவந்து அதன் முதுகை உரசும். அப்படியே விட்டால் வெகுநேரம் ஒன்றும் வராது, பிறகு மூன்று சேர்ந்து வரும். அதனால் பின்னால் வருவதை ஒரு நிறுத்தத்தில் நிறுத்திவைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். இந்த ஊர் பஸ்ஸில் போய்வருவதே தன்னால்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். அன்று காலை அது அவர் மனைவியின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தது.

பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, இத்தனை வருஷம் கழித்து, அந்த அம்மாளுக்கு ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு நேர்முகம். தாமதமாக வருகிறவர்களை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இடைவெளியார் லீவு போட்டுவிட்டுத் துணைக்குக் கிளம்பினார். அவள் கேட்கவில்லை, அவராகத்தான் வந்தார்.

முதலில் வந்த பஸ்ஸில் படிவரை ஆட்கள். அவள் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாள்.

“ஏறாத, ஏறாத!” என்று கையைப் பிடித்து இழுத்தார். “பின்னாடியே ஒண்ணு காலியா வரும்.”

“நிச்சயமா வருமாங்க?”

“யார்கிட்ட கேக்கற? ஜம்முனு உட்கார்ந்துக்கிட்டுப் போலாம்.”

“நின்னுக்கிட்டுப் போனா வேலை தர மாட்டாங்களா?”

பஸ் போய்விட்டது. அவள் எதிரே இருந்த மெட்ரோ படிக்கட்டைக் காட்டினாள். “அப்ப அதுல போயிடலாமா? ரெண்டே ஸ்டேஷன்.”

“மெட்ரோவா? என் பொண்டாட்டி மெட்ரோல போனாள்னு தெரிஞ்சா டிப்போவே சிரிக்கும். அதுவுமில்லாம, இறங்கி அவ்வளவு தூரம் யார் நடக்கறது?”

காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அவர் போனில் பார்த்தார். காலி பஸ் முந்தைய நிறுத்தத்தில், தெரு முனைக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தது. புள்ளி அசையவில்லை. ஏன் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“நீ இங்கயே இரு. நான் போய் பஸ்ஸோட வரேன்,” என்று தொந்தி குலுங்க ஓடினார்.

பஸ்ஸில் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எடுங்க சார், எடுங்க! நான் கன்ட்ரோல் ரூம்.”

“நான் போக்குவரத்து மந்திரி. உட்காருங்க.”

மூச்சிரைக்கக் கட்டுப்பாட்டு அறைக்கு போன் போட்டார். அவருடைய நாற்காலியில் அன்று உட்கார்ந்திருந்த பெண் எடுத்தாள்.

“அம்மா, அந்தக் காலி வண்டியை விட்டுடும்மா.”

“சார், முன்னாடி வண்டி இன்னும் பக்கத்துலதான் இருக்கு. யார் கேட்டாலும் விடக்கூடாது, நானே கேட்டாலும் விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது ஒரு பேச்சுக்குச் சொன்னது!”

“நாங்க வேதவாக்கா எடுத்துக்கிட்டோம் சார்,” என்று வைத்துவிட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணலுக்கு வாயோடு ஒரு மைக்கும் கொடுத்திருந்தார்கள். திரும்பிப் போகலாம்தான். ஆனால் எந்த முகத்தோடு போய் மனைவி முன்னால் நிற்பது? இதோ எடுத்துவிடுவார், இதோ எடுத்துவிடுவார் என்று ஒரு சீட்டில் உட்கார்ந்தபடியே வெகுநேரம் போய்விட்டது.

பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தை வீறிட்டது. “எவனோ ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு நம்ம உயிரை வாங்கறான்,” என்றாள்.

“சுத்த மடையன்ங்க அவன்,” என்றார் இடைவெளியார். மனதாரச் சொன்னார்.

“உங்களுக்குத் தெரிஞ்சவனா?”

“ரொம்ப வருஷப் பழக்கம். கெட்டவன் இல்ல, கொஞ்சம் தலைக்கனம்.”

“கொஞ்சமா?” என்று அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

போன் அடித்தது. மனைவி.

“இதோ வந்துட்டேன், பஸ் கிளம்பப்போகுது—”

“மெதுவா வாங்க. நான் பள்ளிக்கூட கேட்டுக்குள்ள நுழைஞ்சிட்டேன்.”

“எப்படி?”

“மெட்ரோலதான். நீங்க ஓடினீங்க, நான் படி இறங்கிட்டேன். சொல்லலாம்னு பாத்தா உங்க லைன் பிஸி. சரி, போனை ஆஃப் பண்ணச் சொல்றாங்க.” குரல் லேசாக நடுங்கியது. “கை காலெல்லாம் உதறுதுங்க.”

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அவருக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே உறைத்தது. இந்த உதறலுக்குத்தானே துணைக்கு வந்தார்? அவள் தன்னந்தனியாகப் படியிறங்கி, ரயில் ஏறி, அவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறாள். துணைக்கு வந்த மகராசன் ஓடாத பஸ்ஸில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் டிரைவருக்கு உத்தரவு வந்தது. பஸ் முனை திரும்பி அடுத்த நிறுத்தத்தில் நின்றது. நாலைந்து பேர் ஏறினார்கள். அவள் நின்ற இடத்தில் வெயில் விழுந்திருந்தது.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு பெருமை. “சார், இடைவெளி இப்ப கச்சிதம்! பாத்தீங்களா?”

“பாத்தேம்மா, ரொம்ப கச்சிதம்,” என்றார் இடைவெளியார். “காத்துக்கிட்டிருந்த ஆளைத்தான் காணோம்.”