பந்து லில்லி வராத கோடை

எங்கள் வீட்டில் யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மகன் பரீட்சையில் கோட்டை விட்டபோதும் சரி, என் வீட்டுக்காரருக்கு முன்பு ஒரு தடவை வேலை போனபோதும் சரி, எல்லாரும் ஊமைக்கோட்டான்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வாயாடி நான் ஒருத்திதான். பட்டாசு என்று எனக்குப் பேரே வைத்திருக்கிறார்கள்.

கண் டாக்டர் சொன்னதையும் நானே வந்து போட்டு உடைத்தேன். "இடது கண்ணு முன்னாடியே போச்சு. வலது கண்ணும் நடுவுல மறைச்சிடுமாம். ஓரத்துல மட்டும் ஏதோ தெரியுமாம். இனிமே ஊசி போட்டும் பிரயோஜனம் இல்ல, கோடை தாண்டுறது கஷ்டம்னுட்டார்."

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். துடைத்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்தார். மகன் போனைப் பார்த்தான். மருமகள் மட்டும், "சாப்பிட்டீங்களா அத்தை?" என்றாள்.

"பந்து லில்லி பூக்குறத ஒரு தடவ பாத்துட்டாப் போதும். அப்புறம் இந்தக் கண்ணு எக்கேடும் கெட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

பந்து லில்லி இருப்பது ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டின பாத்தியில். தையற்கடையில் நாள் முழுக்க அடுத்தவன் பேன்ட்டுக்கு ஜிப் வைத்துத் தேய்ந்த எனக்கு, எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வெயில் ஏறத் தொடங்கும்போது இலைகூட இல்லாமல் தண்டு கிளம்பி, உச்சியில் பந்து பந்தாகச் சிவப்பாய்ப் பூக்கும். சில நாள் கூத்து. அப்புறம் இலை வந்து, அதுவும் காய்ந்து, செடி கிழங்காக மண்ணுக்குள் தூங்கப் போய்விடும். மேலே வெறும் மொட்டை மண். தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. முளை தலைகாட்டிய பிறகுதான் ஊற்ற வேண்டும். இது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை.

தினமும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பாத்தி முன்னால் உட்கார்ந்தேன். முளை வரவில்லை. மண் மட்டும் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. காய்ந்து வெளுத்திருக்க வேண்டிய மண் ஏன் கறுக்கிறது? என் கண்தான் இருட்டுகிறது என்று நினைத்தேன். குனிந்து தொட்டுப் பார்த்திருக்கலாம். தொட்டு, அது காய்ந்த மண்ணாக இருந்துவிட்டால்? கண் போனது உறுதியாகிவிடுமே. பயந்துபோய்க் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

"இன்னும் மேல வரலையா?" என்று இவர் கேட்பார்.

"இதென்ன உங்க லிஃப்ட்டா, பட்டன அமுக்கினதும் மேல வர்றதுக்கு? போய் வேலையைப் பாருங்க."

வெயில் கொளுத்த ஆரம்பித்து, பூக்கிற நாளும் தாண்டிப் போயிற்று. ஒரு காலையில் பாத்தியிலிருந்து நாற்றம் அடித்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் விரலை விட்டுத் தோண்டினேன். மண் சொதசொதவென்றிருந்தது. கிழங்கு இருந்த இடத்தில் அழுகின வெங்காயம் மாதிரி ஏதோ கையில் நசுங்கியது. பக்கத்தில் தோண்டினேன். அதுவும் கூழ். எல்லாமே கூழ்.

"எவன்டா இதுக்குத் தண்ணி ஊத்துனது?"

நான் போட்ட சத்தத்தில் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். இவர்தான் மென்று விழுங்கினார்.

"வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நான்தான் ஒரு வாளி... உனக்குக் கண்ணு தெரியுறப்பவே பூக்கட்டுமேன்னு..."

"நீங்களுமா மாமா?" என்றாள் மருமகள். "நான் துணி அலசின தண்ணியெல்லாம் இதுலதானே ஊத்துனேன்?"

மகன் தாழ்ந்த குரலில், "நானும் சாயங்காலம் வந்ததும் ஊத்துவேம்மா," என்றான்.

"ஒருத்தர்கூட எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேடா பாவிங்களா!"

"கேட்டா உனக்குக் கண்ணு ஞாபகம் வந்துடுமேன்னு பயந்தோம்மா. வேற கிழங்கு வாங்கி வச்சிடலாம், விடு."

"இப்ப வச்சா அடுத்த கோடைக்குத்தான்டா பூக்கும்! அதை நீ பாரு, உன் பொண்டாட்டி பாக்கட்டும். நான் எங்கடா பாப்பேன்?"

மருமகள் விசும்பத் தொடங்கினாள். யாரைத் திட்டுவது? கெடுதல் நினைத்து ஊற்றியிருந்தால் பிடி பிடியென்று பிடித்திருப்பேன். எரிச்சலையெல்லாம் இவர் தலையிலேயே கொட்டலாம் என்று எழுந்து திரும்பினேன்.

எதிரே நின்றிருந்தார். சட்டைக் காலர் தெரிந்தது. இரண்டு பக்கமும் காது தெரிந்தது. நடுவில் முகம் இல்லை; கறுப்பாக ஒரு திட்டுதான் இருந்தது. இமையில் சேறு பட்டுவிட்டதோ என்று புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். திட்டு போகவில்லை. மகன் பக்கம் திரும்பினேன். அங்கேயும் அதே திட்டு. கறுத்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அதன் நடுவில் இந்தக் கறுப்பு எப்போது வந்து உட்கார்ந்தது என்று எப்படித் தெரியும்?

"என்ன, ஏன் அப்படிப் பாக்குற?" என்றார்.

அந்த முகத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். நேற்றா? போன வாரமா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இந்தக் கோடை முழுக்க நான் மண்ணைத்தான் பார்த்திருக்கிறேன்.