குகைக்குள் எய்னார்

ஏழு வயது எய்னார் ஹாகன் உட்கார்ந்தால் நாற்காலியும் சேர்ந்து ஆடும். இரண்டு மாதமாக அவனுக்குத் தீராத தலைவலி. மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். முக்கால் மணி நேரம் ஸ்கேன் எந்திரத்தின் குழாய்க்குள் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். போன வருடம் பல்லுக்காக மயக்க மருந்து கொடுத்தபோது நாள் முழுக்க வாந்தி எடுத்தவன் என்பதால், முதலில் மருந்தில்லாமல் முயன்று பார்ப்பதென்று முடிவானது.

அமெரிக்காவின் டுலூத் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒருத்தி இருந்தாள். நர்ஸ் டெனீஸ். ஊசியோ, குழாயோ, கத்தியோ, பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசித் தயார் செய்வது அவள் வேலை.

அறைக்குள் வந்ததிலிருந்து எய்னாரின் அம்மா பிரிட்டா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஒண்ணுமே இல்லடா கண்ணா, பயப்படாதே."

"ஒண்ணுமே இல்லைன்னா எதுக்குப் பயப்படாதேங்கறீங்க?"

டெனீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவன் கேக்கறது சரிதாங்க. என்ன நடக்கும்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். பிறகு துணியால் ஆன விளையாட்டுக் குழாய் ஒன்றை விரித்து, எந்திரத்தின் சத்தத்தை ஒலிக்கவிட்டாள்.

"ஐ! எங்க மாமா பனியில ஓட்டற மோட்டார் வண்டிச் சத்தம்!" என்று எய்னார் குதித்தான். "ஆனா மாமா வண்டி இன்னும் மோசம்."

"உள்ள நீ என்னவா இருக்கப் போறே?"

"கரடி. குளிர்காலம் முழுக்கக் குகையில படுத்துத் தூங்கற கரடி."

"பிரமாதம். கரடியோட வயிறு மட்டும் மேல கீழ போகும். வேற எதுவும் அசையாது."

பத்து நாள் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கடியில் ஒத்திகை நடந்தது. பிரிட்டாவும் பக்கத்தில் படுத்துக் கரடியானாள். அவளுக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஸ்கேன் அன்று எய்னார் ராஜநடை போட்டுப் போய்ப் படுத்தான். எந்திரம் தடதடத்தது. பையன் அசையவே இல்லை. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் பிரிட்டா டெனீஸின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் ஸ்கேன் எடுக்கும் ஹோவர்டுக்கு முகம் சுருங்கியது.

"படம் கலங்குது. தலை ஆடுதே!"

ஒலிபெருக்கியைத் திறந்தார். குறட்டை! எய்னார் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குறட்டைக்கும் தாடை ஏறி இறங்கியது.

"தம்பி! எய்னார்! எழுந்திரு!"

உள்ளேயிருந்து உறுமல் வந்தது. "கரடியை எழுப்பக் கூடாது. மார்ச் மாசம்தான் எழுந்திருக்கும்."

ஹோவர்ட் தலையில் கைவைத்தார். "முப்பது வருஷமா 'அசையாதே'ன்னு சொல்லியே தொண்டை போச்சு. 'தூங்காதே'ன்னு சொல்றது இதான் முதல் தடவை. இவனை என்னம்மா செய்ய?"

டெனீஸ் நேரே உள்ளே போய்க் குழாய் வாயில் குனிந்தாள். "எய்னார், மார்ச் வந்தாச்சு. பனி உருகிடுச்சு. குகை வாசல்ல ஒரு மான் நிக்குது."

"எங்க?"

"உன் மூக்குக்கு நேரா. நீ முழிச்சிருக்கேன்னு அதுக்குத் தெரியாது. துளி அசைஞ்சாலும் ஓடிடும்."

"நான் அதைத் தின்னுடுவேனா?"

"அது அப்புறம். இப்ப பார்த்துக்கிட்டே இரு."

மறுபடி எந்திரம் ஓடியது. இந்த முறை படங்கள் கண்ணாடி போல வந்தன. ஹோவர்ட் மெல்லச் சீட்டியடித்தார்.

சாயங்காலம் டாக்டர் வந்து சொன்னார். மூளையில் கட்டியோ வீக்கமோ எதுவும் இல்லை. ஒற்றைத் தலைவலிதான். மாத்திரை, தூக்கம், நிறையத் தண்ணீர் போதும்.

அதுவரை கல்லாக நின்ற பிரிட்டா அப்போதுதான் ஓவென்று அழுதாள்.

எய்னார் பதறிப்போனான். "நல்ல சேதிதானே சொன்னாரு? அம்மா ஏன் அழறாங்க?"

"பயம்டா. பெரியவங்களுக்கு அழுகை கொஞ்சம் லேட்டாத்தான் வரும்" என்றாள் டெனீஸ்.

எய்னார் அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, "அழுங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றான்.