நடு ஆற்றிலிருந்து வந்த அழைப்பு

பிரமிடுகளின் அடியில் இருக்கும் நஸ்லத் அஸ்ஸம்மான் ஊரில் எங்கள் வஹ்தான் குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டு. பிரமிடு மணலில் நாலு தலைமுறையாக ஒட்டகம் விடுகிறோம். ஏற்றிவிட்ட ஆளை இறக்கிவிட இன்றுவரை ஒரு பியாஸ்தர் கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்பார்கள். ஏறுவதற்கு ஒரு விலை. மேலே உட்கார்ந்து, கீழே பார்த்து, கால் நடுங்கத் தொடங்கியதும் இறங்குவதற்கு வேறொரு விலை. அது அவர்கள் வழக்கம். எங்கள் வீட்டில் அப்படிச் செய்தவன் எங்கள் ரொட்டியைத் தொட முடியாது.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணைக் கேட்டு ஒரு படகுக்காரர் வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள்.

பையன் படகு ஓட்டுகிறவன் அல்ல. ஹைதம் என்று பெயர். படித்தவன், சுற்றுலா வழிகாட்டி. காலையில் பிரமிடு, மத்தியானம் நைலில் பாய்ப்படகு, சாயங்காலம் அவரவர் வீடு என்று ஒரு நாள் பயணம் கூட்டிப்போவது அவன் தொழில். படகு அவன் அப்பா ஸனூசியுடையது; படகுத் தலைவர் என்பதால் ரயிஸ் ஸனூசி என்பார்கள். என் மகள் நஷ்வா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கண்டதைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பயணிகளுக்காக இவன் வாரம் இரண்டு முறை மாத்திரை வாங்கப் போயிருக்கிறான். யாருக்கும் வயிறு வலிக்காத வாரங்களிலும் போயிருக்கிறான்.

"படகுக்காரங்க சகவாசம் வேணாம்" என்றேன் என் மனைவி ஃபவ்கிய்யாவிடம். "அவங்க சாப்பாட்டுக்குக் கூப்பிடற அழகப் பாத்திருக்கியா? கரையில நிக்கறப்ப வாயைத் தெறக்க மாட்டாங்க. நடு ஆத்துக்குப் போனப்புறம், கரையில நிக்கறவனப் பாத்து 'வாங்க வாங்க, சாப்பிடலாம்'னு கத்துவாங்க. நீந்தியா போக முடியும்? அந்த வார்த்தைய நம்பிப் பொண்ணக் குடுக்கணுமா?"

அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "ஒட்டகக்காரங்களப் பத்தி அவங்க வீட்ல இந்நேரம் என்ன பேசிட்டிருக்காங்களோ, நஷ்வா அப்பா."

"நம்மளப் பத்திப் பேச என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பையன ஒரு தடவ நேர்ல போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் வஹ்தான் குடும்பத்துப் பெரியவனாகப் போய்ப் பார்த்தால் எவனும் யோக்கியனாகத்தான் நடந்துகொள்வான். அதனால் வெள்ளிக்கிழமை காலை, நீள அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மூத்த மருமகனின் பேன்ட்டைப் போட்டுக்கொண்டேன். கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். டவுனுக்குப் போய், நைல் டெல்டா ஊர்க்காரர்கள் நிறைந்திருந்த அவனுடைய பஸ்ஸில் பணம் கட்டி ஏறினேன்.

ஹைதம் கையில் பட்டியலோடு வந்தான். "உங்க பேரு, ஹாஜி?"

"கமீஸ். தான்தா ஊரு. ரிட்டயர்டு வாத்தியார்."

"என்ன பாடம், உஸ்தாத்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "பூகோளம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. நான் வழி தப்பினா நீங்க பாத்துக்குவீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனான்.

அரை மணி நேரத்தில் பஸ் என்னை என் வீட்டுக்குப் பின்னாலேயே கொண்டுபோய் இறக்கியது. என் மொட்டைமாடியில் காயும் போர்வைகூடத் தெரிந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறை பார்ப்பவன்போலப் பிரமிடை அண்ணாந்து பார்த்தேன். பையன் எங்கே உளறுவான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் நின்ற இன்ஸாஃப் டீச்சர், மன்சூராக்காரர், நிஜமான டீச்சர், கேட்டார்: "ஏம்பா, இவ்ளோ கல்லையும் ஜின்னுங்கதான் தூக்கிச்சாமே?"

"இல்ல டீச்சர், நம்மாளுங்கதான். ரொட்டியும் வெங்காயமும் தின்னுட்டுத் தூக்கினாங்க. மத்தியானம் படகுல நமக்கும் அதேதான். ஆனா கல்லு தூக்கச் சொல்ல மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தேன்.

பிறகு அவன் எல்லாரையும் கூட்டி நிறுத்தினான். "ஒட்டகம் ஏறணும்னா முன்னாடியே பேசிடுங்க. ஏறறதுக்கும் இறங்கறதுக்கும் சேத்து. இல்லைன்னா சாயங்காலம் வரைக்கும் மேலயே உக்காந்திருப்பீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "எல்லா ஒட்டகக்காரங்களுமே அப்படித்தானா?" என்று கேட்டேன்.

"இல்ல உஸ்தாத். வஹ்தான் வீட்டு ஒட்டகம்னா பேசவே வேணாம். கண்ண மூடிட்டு ஏறலாம்."

கழுத்து இரண்டு விரல் உயர்ந்ததுபோல் இருந்தது. பையன் பரவாயில்லை. வளர்ப்பு நன்றாகத்தான் இருக்கிறது.

"அப்ப எனக்கு அந்த வீட்டு ஒட்டகமே வேணும்" என்றார் இன்ஸாஃப் டீச்சர்.

கூப்பிட்டதும் வந்தவன் என் தம்பி மகன் ஷுக்ரி. சிவப்புக் குஞ்சம் வைத்த சேணத்தோடு எங்கள் ஒட்டகம் கமர். நான் முகத்தை, சிங்க உடலும் மனித முகமுமான அபுல் ஹோல் சிலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன். டீச்சர் ஏறினார், ஒரு சுற்றுச் சுற்றினார், போட்டோ எடுத்துக்கொண்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"போதும்பா, இறக்கி விடு."

"இறங்கறது தனிக் கணக்கு, டீச்சர்" என்றது எங்கள் வீட்டுக் குரல்.

ஹைதம் ஓடினான். "டேய் ஷுக்ரி, என்னடா இது? இப்பத்தான் உங்க வீட்டப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லி வாய மூடறேன்."

"பேர வெச்சு ஒட்டகத்துக்குத் தீனி போட முடியுமாண்ணே? டீச்சர் குடுத்துடுவாங்க, நீ சும்மா இரு."

"இக்ஹ்!" என்றேன் நான்.

ஒட்டகத்தை உட்காரவைக்கும் சொல் அது. நானாகச் சொல்லவில்லை, தொண்டை தானாகச் சொல்லிவிட்டது. கமர் என் கையில் பிறந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது; உடனே முன்னங்கால்களை மடக்கி மணலில் உட்கார்ந்துவிட்டது. இன்ஸாஃப் டீச்சர் அலறிக்கொண்டே தரைக்கு வந்து சேர்ந்தார். ஷுக்ரி கயிற்றை நழுவவிட்டான்.

"பெரியப்பா! நீங்களா? பேன்ட்டெல்லாம் போட்டுக்கிட்டு..."

"பூகோள வாத்தியார்னீங்களே?" என்றார் டீச்சர். பஸ் ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். ஹைதம் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமல், டீச்சரின் சால்வையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அவன் பார்க்காமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

ஆற்றுக்குப் போகும் வழியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பையனிடம் குறை இல்லை. குறை என் வீட்டில், அதுவும் அவன் கண் முன்னால். நாளைக்கு நஷ்வா அந்த வீட்டில் தேநீர் கொண்டுவரக் கொஞ்சம் தாமதித்தால்கூட, "இதுக்கும் தனிக் கணக்கா?" என்று எவராவது கேட்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு ஒரு வீட்டுக்குப் பெண் கொடுக்க என்னால் முடியாது. வீட்டுக்குப் போனதும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவது. அவ்வளவுதான்.

மஆதி படகுத்துறையில் எல்லாரும் இறங்கினார்கள். "எனக்குப் படகு ஒத்துக்காது" என்றேன் ஹைதமிடம். "நீங்க போயிட்டு வாங்க."

"சரி, உஸ்தாத். நிழல்ல உக்காருங்க" என்றான். இன்னமும் நான் அவனுக்கு வாத்தியார், உஸ்தாத்தான்!

ரயிஸ் ஸனூசியை அப்போதுதான் பார்த்தேன். வெறுங்காலோடு, மரம்போல ஒரு ஆள். அவரிடம் போய் மகன் ஏதோ முணுமுணுத்தான். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். வாருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் சொன்னேனில்லையா, கரையில் இவர்கள் வாய் திறப்பதில்லை.

படகு கிளம்பியது. வடக்குக் காற்று பாயை நிறைத்துத் தெற்கே தள்ளியது. நடு ஆற்றை எட்டியதும் துணி விரித்துச் சாப்பாட்டைப் பரப்பினார்கள். சொல்லி வைத்ததுபோல ரயிஸ் எழுந்து நின்று கையை வாயருகே வைத்துக் கூவினார்:

"ஹாஜியோவ்! வாங்க, சாப்பிடலாம்! நீங்க இல்லாம எங்களுக்கு எறங்காது!"

இதற்குப் பதில் என்னவென்று இந்த ஆற்றங்கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். நெஞ்சில் கை வைத்து, "நல்லா சாப்பிடுங்க" என்று கத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். நானே நூறு முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எழுந்து நின்று கத்தினேன்:

"சரி! வர்றேன்!"

காலணிகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

பக்கத்துப் படகில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஆள் என்னைப் பாவமாகப் பார்த்தான். "அவரு சும்மா சொன்னாரு, ஹாஜி."

"நான் சும்மா சொல்லல."

ரயிஸ் ரொட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். எதிர்காற்றில் திரும்புவதென்றால் பாயை இறக்கிவிட்டுத் துடுப்புப் போட வேண்டும். ஒட்டகக்காரனுக்கே அது தெரியும். அவர் திரும்பாமல் போய்விட வேண்டும் என்றுதான் நான் விரும்பினேன், மறைப்பானேன். போய்விட்டால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அவர்கள் வீட்டுக் குறை, எங்கள் வீட்டுடையது அல்ல. நிமிர்ந்தே வீடு திரும்பலாம்.

பாய் சரிந்தது. ஒரு துடுப்பை அப்பா எடுத்தார். இன்னொன்றை, சட்டைக் கையை மடித்துவிட்டு, மகன். "ஒண்ணு, ரெண்டு! ஒண்ணு, ரெண்டு!" என்று இன்ஸாஃப் டீச்சர் தாளம் போட்டார். கால் மணி நேரமாயிற்று. படகு படியில் முட்டியபோது இரண்டு பேரும் ஆற்றில் விழுந்து எழுந்தவர்கள்போல வியர்வையில் நனைந்திருந்தார்கள்.

"நாப்பது வருஷமாக் கூப்பிடறேன்" என்றார் ரயிஸ், மூச்சு வாங்க. "ஒருத்தன்கூட 'வர்றேன்'னு சொன்னதில்ல."

"கரையில இருக்கறப்பவே கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டா வரமாட்டேன்னிருப்பீங்க. உங்க மூஞ்சி அப்படி இருந்துச்சு." கையை நீட்டினார். "ஏறுங்க. எங்க படகுல ஏறறதும் இறங்கறதும் ஒரே கணக்குதான்."

"அப்பா!" என்று பதறினான் ஹைதம்.

எந்தச் சொல்லுக்குப் பயந்து பெண் கொடுக்க மறுக்க இருந்தேனோ, அது என் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. கூடவே, துடுப்புப் பிடித்துச் சிவந்த ஒரு கையும் வந்திருந்தது. சிரிப்பில் என் மீசை அசைந்துவிட்டது. அந்தக் கையைப் பிடித்து ஏறினேன்.

படகு மறுபடி நடு ஆற்றுக்குப் போய், சாப்பாட்டில் உட்கார்ந்ததும் ஹைதமைக் கேட்டேன். "எப்பலேர்ந்து தெரியும்?"

"பஸ்ல ஏறினப்பவே, ஹாஜி. இதே மூக்கத்தான் நஷ்வா முகத்துல வாரம் ரெண்டு தடவ மருந்துக்கடையில பாக்கறேனே."

"அப்ப எங்க வீட்டப் பத்திச் சொன்னதெல்லாம் எனக்கு ஐஸ் வெக்கறதுக்கா?"

அவன் பதில் சொல்வதற்குள் இன்ஸாஃப் டீச்சர் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "போன மாசம் என் தங்கச்சி வந்தா. அவகிட்டயும் இதையேதான் சொன்னானாம். அத நம்பித்தான் நான் ஏறினேன். கேஸ் போட்டா உங்க ரெண்டு பேர் மேலயும் போடணும்."

நான் ரொட்டியைப் பிய்த்தேன். அவரைக் கூட்டு நன்றாக இருந்தது; எலுமிச்சை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

"வியாழக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றேன் ரயிஸிடம்.

அவர் சுற்றிலும் தண்ணீரைப் பார்த்தார். "நடு ஆத்துலேர்ந்து கூப்பிடறீங்களே, ஹாஜி. நம்பலாமா?"

படகு துறைக்குத் திரும்பும்வரை காத்திருந்தேன். இறங்கி, காலணிகளைப் போட்டுக்கொண்டு, கரையில் நிமிர்ந்து நின்று மறுபடியும் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை தெருமுனையில் ஷுக்ரி கமரோடு நிற்பான். விருந்தாளிகளை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்குவான். இன்ஸாஃப் டீச்சரையும் கூப்பிட்டிருக்கிறேன். முதலில் அவரை இறக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லியாயிற்று.