குன்சாங் ஒரு தடவைதான் கேட்டாள்

பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து குன்சாங்குக்கு வாயில் ஒரே பாட்டுதான்.

"வெளிநாட்டுக்காரங்க வேணாம்னா வேணாம்தான். ஒரு தடவைதான் கேக்கணும். வற்புறுத்தினா அவங்களுக்குப் பிடிக்காது."

மூன்று நாள் பயிற்சி. வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பது எப்படி என்று எங்கள் ஹா பள்ளத்தாக்கின் பெண்களை உட்கார்த்திவைத்துப் பாடம் நடத்தினார்கள். தலையணை உறை மாற்றுவதிலிருந்து சாப்பாடு பரிமாறுவதுவரை எல்லாவற்றையும் அச்சடித்தும் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை அவள் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

அன்றைக்கு ரம்பம் இரவல் வாங்கப் பக்கத்து வீட்டு வாங்டி வந்தான். குன்சாங் ஆரா சாராயத்தைச் சூடாக்கி நீட்டினாள். வாங்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, "மேஷு, மேஷு" என்று பின்னால் சாய்ந்தான். "சும்மா குடிய்யா" என்றாள். இன்னும் கொஞ்சம் சாய்ந்து, "மேஷு" என்றான். "இப்பக் குடிக்கிறியா, தலையில ஊத்தவா?" என்று அவள் மூன்றாவது தடவை அதட்டியதும், வேறு வழியே இல்லாதவன்போலக் கோப்பையை நீட்டி, மூன்று கோப்பை குடித்துவிட்டு, ரம்பத்தை மறந்துவிட்டுப் போனான். முதல் தடவை கேட்டதுமே கை நீட்டுகிறவன் எங்கள் பள்ளத்தாக்கில் இன்னும் பிறக்கவில்லை.

"இதே வெளிநாட்டுக்காரனா இருந்தா முதல் மேஷுவிலயே பானைய மூடியிருப்பே, இல்ல?" என்றான் அவள் புருஷன் நாம்கே.

"ஆமா. சட்டம் அப்படி."

"பாவம், என்ன ஊரோ!"

அவர்களுடைய ஒரே மகள் யுதென் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இரண்டு பேருக்குச் சமைப்பதெல்லாம் ஒரு சமையலா? அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும் என்றுதான் மேல்தளத்து அறையைக் காலிசெய்து மெழுகித் துடைத்து விருந்தினருக்கு விட்டாள். அலைபேசியில் பார்க்கிறபோதெல்லாம் மகளுக்குக் கன்னம் ஒட்டிக்கொண்டே போயிற்று. கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுகிறார்களாம். போய்விட்டு வந்து அறையில் நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிடுகிறாளாம். அந்த ஊர்ச் சமையல் அவ்வளவு மட்டம் என்று குன்சாங் முடிவுகட்டியிருந்தாள்.

முதல் விருந்தாளி ஐப்பசிக் குளிரில் வந்தார். ஹென்னிங் என்று பெயர். டென்மார்க்கில் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். வாசல் நிலையில் இரண்டு தடவை இடித்துக்கொள்ளும் உயரம். முதல் ஆள் மனம் கோணிப்போனால் வழிகாட்டிகள் அடுத்த ஆளைக் கூட்டிவர மாட்டார்கள் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். அதனால் குன்சாங் ஜன்னல் வழியாக அவருடைய ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்தூபியை வலமாகச் சுற்றினார். பூஜை அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றினார். புத்தரை விரலால் சுட்டாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். உட்கார்ந்தபோது காலைச் சாமிப் பக்கம் நீட்டாமல் கஷ்டப்பட்டு மடக்கிக்கொண்டார்.

"வழியெல்லாம் பாடம் நடத்தியிருக்கேன் அக்கா. இவரு பாதி நம்ம ஆளு" என்றான் வழிகாட்டி தான்தின். பையை இறக்கிவைத்துவிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் தமக்கை வீட்டுக்குத் தங்கப் போய்விட்டான்.

பொழுது சாயும்போது குன்சாங் பரிமாறினாள். கீரையும் பாலாடைக்கட்டியும் பொதிந்த ஹோன்தே கொழுக்கட்டை, ஒரு தட்டு நிறைய, ஆவி பறக்க. மலையேறி வந்த மனுஷன் மூக்கை விரித்து முகர்ந்தார். அப்புறம் இரண்டு பெரிய கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, "மேஷு, மேஷு" என்றார்.

வேண்டாம் என்பதை நம் பேச்சிலேயே சொல்லப் படித்துக்கொண்டு வந்திருக்கிறாரே, எவ்வளவு மரியாதைக்காரர் என்று குன்சாங் நினைத்தாள். தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளச் சொல்லிக் கை பரபரத்தது. சுவரில் தாள் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பால் மறக்கடித்த கன்று பார்ப்பதுபோல் அவர் அதன் பின்னாலேயே பார்த்தார்.

சிவப்பரிசிச் சோறு வந்தது, மேஷு. மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்ட குழம்பு வந்தது, மேஷு. கேட்காமலே ஊற்றிவைத்திருந்த ஒரு கோப்பை வெண்ணெய்த் தேநீரை மட்டும் அடிவரை வழித்துக் குடித்துவிட்டு மனுஷன் படுக்கப் போய்விட்டார்.

குன்சாங்குக்கு அழுகை முட்டியது. அவள் வீட்டிலிருந்து இதுவரை தெருநாய்கூடப் பசியோடு போனதில்லை.

"உன் மிளகாய் வாசனைக்கே பயந்திருப்பாரு" என்றான் நாம்கே. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை கேட்டுத்தான் பாரேன்" என்றான்.

"கேக்கக் கூடாதுன்னு அச்சடிச்சே குடுத்திருக்காங்க. முதல் ஆளையே விரட்டச் சொல்றியா?"

காலையில் பால் செம்போடு கொட்டிலைச் சுற்றி வந்தவள் அப்படியே நின்றாள். மாட்டுக்காக முள்ளங்கி, தவிடு, உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு வெளி அடுப்பில் ஒரு அண்டா வெந்துகொண்டிருந்தது. ஹென்னிங் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் பாதி கடித்த உருளைக்கிழங்கு. ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பசு தன் பங்கு போவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. குன்சாங்கைக் கண்டதும் அவர் முகம் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்தது. கிழங்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அவ்வளவுதான். பயிற்சி, தாள், சட்டம் எல்லாம் காற்றில் போயிற்று. அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று மேலே இழுத்துவந்து அடுப்பின் முன் உட்காரவைத்து, நேற்றைய கொழுக்கட்டையைச் சூடாக்கி நீட்டினாள். அந்த நிலைமையிலும் மனுஷன் ஒழுங்கு தவறாமல் வாயைப் பொத்திக்கொண்டு, "மேஷு, மேஷு" என்றார்.

"மேஷுவாவது மண்ணாவது! சாப்பிடுய்யா!"

"மேஷு" என்றார். குரல் ஈனமாய் வந்தது.

"மாட்டுத் தீனி இறங்குது, என் சாப்பாடு இறங்காதா? பிடி!"

பொத்தியிருந்த கைகள் திறந்தன. மனுஷன் வாயெல்லாம் பல்லாகத் தட்டை வாங்கிக்கொண்டார்.

கரண்டியோடு குன்சாங் சிலைபோல நின்றுவிட்டாள். இவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. வாங்டி சொல்வதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

தான்தின் வந்து சேர்ந்தபோது ஹென்னிங் பதினாலாவது கொழுக்கட்டையில் இருந்தார்.

"டேய், நீதான் இவருக்கு மேஷு சொல்லிக் குடுத்தியா?"

"ஆமாக்கா. ரெண்டு தடவை மறுக்கணும், மூணாவது தடவை வாங்கணும்னு. நம்ம வழக்கம்தானே?"

"எனக்கு ஒரு தடவைக்கு மேல கேக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்துட்டாங்களேடா, பாவிங்க!"

தான்தின் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, ஹென்னிங் வாயில் இருந்ததோடு சிரித்துப் புரையேறி, மிளகாயும் சேர்ந்துகொள்ளக் கண்ணீர் வடித்தார். திணறித் திணறி ஏதோ சொன்னார்.

"இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருக்கணுமாம்க்கா" என்றான் தான்தின்.

குன்சாங்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று பெர்த் நூடுல்ஸ் ஞாபகம் வந்தது. அலைபேசியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

"யுதென், அந்த ஊர்ல விருந்துக்குப் போனா, தட்டை நீட்டினதும் நீ என்ன சொல்லுவே?"

"என்னம்மா திடீர்னு? இப்ப வேணாம், பரவாயில்லன்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எடுத்துட்டுப் போயிடுவாங்க. இங்க ரெண்டாவது தடவை யாரும் கேக்கறதில்லம்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கை நீள மாட்டேங்குது."

குன்சாங் சேலைத்தலைப்பு இல்லாத குறைக்குக் உடம்பைச் சுற்றிக் கட்டியிருந்த கிராவுக்கு மேல் போட்ட சட்டையின் கைமடிப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க பாருடி. இனிமே யார் தட்டை நீட்டினாலும், முதல் ரெண்டு தடவையும் அம்மா இங்கேருந்தே கேட்டுட்டேன்னு வெச்சுக்கோ. அவங்க கேக்கறது மூணாவது தடவை. வாங்கிக்கோ."

மகள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"வாங்கிப்பியா?"

"சரிம்மா" என்றாள் யுதென், முதல் தடவையிலேயே.