நான் வீடு வருவதற்குள் அழித்தவை

என் கணவர் சிவபிரகாஷ் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து சத்தீஸ்கருக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. மழை பிடித்து வேலை நின்றால்தான் வண்டி ஊர் திரும்பும். அதனால் நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சத்தீஸ்கரில் மழை பெய்ய வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு இன்ஜினியரிங் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை. பேக்கப் எடுக்காத பிள்ளைகளைத் திட்டித் தீர்ப்பவள் என்று பெயர்.

அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பேசிப் பதிவு செய்வார். அது, வீட்டில் நாள் முழுக்க ஓடும் என் லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குத் தானாகவே வந்துவிடும். ஐந்து மணிக்கு வந்ததும் காபிகூடப் போடாமல் கேட்பேன்.

"நல்லா இருக்கறேன் அம்மிணி. இன்னிக்கு அறநூறு அடி. நல்ல தண்ணி." அவ்வளவுதான். நான் மட்டும் இறங்கிப் போவேனா? "நானும் நல்லாத்தான் இருக்கறனுங்க. நீங்க வேலையப் பாருங்க" என்று பதில் அனுப்புவேன்.

கிளம்பும்போதே அவரிடம் சொல்லியிருந்தேன்: "போன்ல அழிச்சீங்கன்னா இங்கயும் அழிஞ்சிருமுங்க. பாத்துக்கங்க."

போன வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் ஃபோல்டர் காலி. ஏழு மாதக் குரலில் ஒன்றுகூட இல்லை. பதறிப்போய் அழைத்தேன்.

"மெமரி ரொம்பிப் போச்சு அம்மிணி. உன்ற ஹார்டு டிஸ்க்குல இருக்குமுன்னு அழிச்சுப்போட்டேன்."

பேக்கப்புக்கென்று லேப்டாப்போடு தனியாகச் செருகிவைத்திருக்கும் ஹார்டு டிஸ்க்கைத் திறந்தேன். அதுவும் காலி. லேப்டாப்பில் இல்லாதது டிஸ்க்கிலும் இருக்கக் கூடாது என்று கட்டளை எழுதிவைத்த புண்ணியவதி நான்தான். அது மூன்று மணிக்கே தன் வேலையை முடித்திருந்தது. அவர் குரல் இல்லாத அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில்தான் ஸ்னாப்ஷாட் ஞாபகம் வந்தது. ஃபோல்டர் இருக்கும் நிலையை மணிக்கொரு தரம் லேப்டாப்பே அப்படியே எடுத்துவைக்கும்படி எப்போதோ அமைத்துவிட்டு மறந்தே போயிருந்தேன். தேதி வாரியாகத் திறந்து வெளியே எடுத்தேன். எல்லாம் இருந்தன. அதிகமாகவே இருந்தன.

நான் கேட்டேயிராத ஒன்பது பதிவுகள். ஒவ்வொன்றும் இரண்டு மணி ஸ்னாப்ஷாட்டில் இருந்தது, நான்கு மணி ஸ்னாப்ஷாட்டில் இல்லை. நான் வீடு வருவதற்குள் அழித்திருக்கிறார். நான் சொன்னதை நன்றாகத்தான் காதில் வாங்கியிருக்கிறார் மனுஷன்.

முதலாவது பிப்ரவரியில் பேசியது. பின்னால் கம்ப்ரசர் சத்தம்.

"கோகிலா, உன்னையப் பாக்கோணும்போல இருக்குது. மழை வரமுட்டும் தாங்காது. வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னீன்னா நாளைக்கே கெளம்பிருவேன். நீதான் வேலையப் பாருங்கன்னே சொல்ற."

மற்ற எட்டும் அதேதான். போகப்போகப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் பதிவில் என் பெயர் மட்டும் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். ஒரு வார்த்தைதானே, அதைச் சொல்ல எனக்கு என்ன வீம்பு?

ஒன்பதையும் மறுபடி அதே ஃபோல்டரில் போட்டேன். இங்கே போடுவது தானாகவே அவர் போனுக்கும் போய்ச் சேரும். மதியம் ஒன்றேகாலுக்கு அழைத்தார்.

"அழிச்சதெல்லாம் திரும்பி வந்திருக்குது. எப்புடி அம்மிணி?"

"நீங்க அழிச்சதெல்லாம் எங்கிட்டப் பத்தரமா இருக்குதுங்க. நீங்கதான் இல்ல. வாங்க."