முடிவை மாற்றி எழுதுக

அண்ணி வரும் ரயில் ஒன்றரை மணிக்கு. மணி பதினொன்று ஆகியும் அவன் சாப்பாட்டு மேசையைத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். துடைத்த மேசையையே மூன்றாவது தடவையாகத் துடைத்தான். ஓரத்தில் மகளின் நாற்பது பக்க நோட்டு கிடந்தது. துணி அதன் பக்கம் போகும்போதெல்லாம் கை தயங்கியது.

விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். 'வீட்டில் எழுதிப் பார்ப்போம்' என்று தலைப்பு. ஏழு பயிற்சிகள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேட்ட சத்தங்களை எழுது. வீட்டில் கிடக்கும் ஏதாவது அச்சடித்த தாளைப் போலவே நீயும் ஒன்று எழுது. உன் செருப்பு பேசினால் என்ன பேசும், எழுது. இப்படி. மகளுக்கு எட்டு வயது. தினம் ஒன்றாக எழுதிக்கொண்டு வந்தாள். அவனிடம் காட்டவில்லை. அவனும் கேட்கவில்லை. இன்று காலை தண்ணீர் எடுக்கப் போனபோது அவள் தோளுக்கு மேலாக ஐந்தாவது பயிற்சியின் தலைப்பு கண்ணில் பட்டது.

'நான் பயந்த ஒரு நாள். நடந்ததை எழுது. பிறகு முடிவை மாற்றி எழுது.'

அதற்குக் கீழே, 'அன்று வியாழக்கிழமை' என்று தொடங்கியிருந்தாள். அவன் தண்ணீர் எடுக்காமலே திரும்பினான்.

அந்த வியாழக்கிழமை போய் ஆறு வாரம் ஆகிறது. மற்ற நாட்களில் மூன்றரைக்கு வேன் அவளை வாசலில் இறக்கிவிடும். கீழ்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொள்வார். அன்று மட்டும் அரை நாள் பள்ளி. வேன் கிடையாது. பன்னிரண்டுக்கு வந்து கூட்டிப் போகச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருந்தது. அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். அது மட்டுமா, தேதிக்கு நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததை வட்டமிட்டும் அனுப்பியிருந்தான். தேதி என்ன சொல்கிறது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

அவன் வேலை அப்படி. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை அடிக்கும் அச்சகத்தில் பிழை பார்ப்பவன். புரிந்துகொண்டு படித்தால் பிழை தப்பிவிடும். எழுத்தெழுத்தாகப் போக வேண்டும். மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறியதைக் கண்டுபிடித்து ஓடுகிற இயந்திரத்தையே நிறுத்தியவன் என்று அங்கே அவனுக்குப் பட்டப்பெயரே 'புள்ளி'. மனைவி இறந்த இந்த எட்டு மாதமாக வீட்டில் எல்லாவற்றையும் அவன் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தான்.

அன்று நாலு மணிக்குத் தையல்காரம்மா போன் செய்து, "என்ன சார், பாப்பா இன்னும் வரலையே" என்ற பிறகுதான் ஓடினான். வாட்ச்மேனின் ஸ்டூலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "வாட்ச்மேனுக்கு ஆறு பிள்ளைங்களாம்ப்பா" என்றாள். அதற்கப்புறம் அதைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

அண்ணிக்கு மட்டும் தெரியக் கூடாது. அண்ணி என்றால் மனைவியின் அக்கா. ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் இருபது வருடம். வீட்டிலும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்பது போலத்தான் கேட்பார். நாம் பதிலைப் பாதி சொல்லும்போதே அடுத்த கேள்வி வந்து நிற்கும். மனைவி போன அந்த வாரமே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, புள்ள உங்ககிட்டயே இருக்கட்டும். நான் குறுக்க நிக்கல. ஆனா ஒரே ஒரு தடவை அது கேக்க ஆளில்லாம நின்னுச்சுன்னு என் காதுல விழுந்தா, அப்புறம் உங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவன் சரி என்றான். அப்போது யார் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

வந்ததும் அண்ணி கேட்கப்போவது நோட்டைத்தான். "வாலு என்னமோ கதையெல்லாம் எழுதுறாளாமே, நான் வந்து பாக்கணும்" என்று போனிலேயே சொல்லியாயிற்று.

ஏழாவது பயிற்சிக்கு ஒரு பைக்குள் மூன்று பொருட்கள் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, மூன்றையும் சேர்த்து ஒரு கதை கட்ட வேண்டும். ஐந்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு ஏழாவதற்குத் தாவியிருந்தாள் மகள்.

"கீழ போயி ஒரு பட்டன் வாங்கிட்டு வரேம்ப்பா" என்று இறங்கிப் போனாள். தையல்காரம்மா பேச்சுக் கொடுத்தால் லேசில் விடமாட்டார். அவன் நோட்டைத் திறந்தான்.

பக்க எண்கள் அவளே போட்டவை. இருபத்தொன்பதில் ஆரம்பித்திருந்தாள்.

'அன்று வியாழக்கிழமை. மணி அடித்தது. எல்லோரும் போனார்கள். முதலில் பத்துப் பேர் இருந்தோம். பிறகு நான்கு பேர். பிறகு நானும் வாட்ச்மேனும். ஆபீஸ் ரூமைப் பூட்டிவிட்டார்கள். வாட்ச்மேன், வீட்டு நம்பர் சொல்லு பாப்பா என்றார். எனக்கு அம்மா நம்பர்தான் மனப்பாடம். அதைச் சொன்னேன். அவர் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போட்டார். ஆறு தடவை போட்டார். அம்மா இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஐயோ பாவம் என்பார். எனக்கு அது பிடிக்காது.'

முப்பதாம் பக்கத்தில், 'மாற்றிய முடிவு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எழுதி அழித்த தடம் மட்டும் தாளில் அழுக்காக இருந்தது.

இந்த முறை அவனுக்கு ஒரு எழுத்துகூட எழுத்தாகத் தெரியவில்லை. இதைப் படித்தவன் கீழே ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கை வேறு வேலையில் இறங்கிவிட்டது. இரும்பு ஸ்கேலை எடுத்து, நடுப்பக்கத்தில் இரண்டு பின்களின் கால்களையும் நிமிர்த்தினான். கிழித்தால் தெரியும். பின்னைக் கழற்றி, தாளை உருவிவிட்டு, அதே ஓட்டையில் பின்னை மாட்டினால் யாருக்கும் தெரியாது. அச்சகத்தில் நூறு தடவை செய்த வேலை.

தாளை உருவினான். விரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. நடுவில் பின் அடித்த நோட்டில் எந்தப் பக்கமும் தனியாக வராது. இருபத்தொன்பதும் முப்பதும் வந்தால் கூடவே பதினொன்றும் பன்னிரண்டும் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். பன்னிரண்டு வருடம் கழித்து, தன் வீட்டு மேசையில், அவனுக்கு அது மறந்துபோயிற்று.

பதினொன்றாம் பக்கத்தில் இரண்டாவது பயிற்சி இருந்தது. அச்சடித்த தாளைப் போல ஒன்று. அவன் வீட்டில் அச்சடித்த தாளுக்கா பஞ்சம்?

'அப்பா. 75 கிலோ.
உபயோகிக்கும் முறை: காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை. மதியம் கிடைக்காது.
பக்க விளைவுகள்: கேட்டதையே திரும்பக் கேட்கும். எல்லாவற்றுக்கும் ம் சொல்லும். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் இருக்கும்.
அளவுக்கு மேல் எடுத்தால்: இதுவரை யாருக்கும் அளவுக்கு மேல் கிடைத்ததில்லை.
எச்சரிக்கை: குலுக்கக் கூடாது.'

இதையும் சேர்த்து எடுத்தால்தான் அதை எடுக்க முடியும். தாளைப் பிடித்துக்கொண்டே நின்றான். படியில் காலடிச் சத்தம் கேட்டது. தாளை உள்ளே செருகப் பார்த்தான். ஓட்டைகள் பொருந்தவில்லை.

"என்னப்பா பண்றே?"

மகள் வாசலில், கை நிறையப் பட்டன்களோடு.

"பின்னு லூசா இருந்துச்சு."

"இல்லியே. காலைல நல்லாத்தானே இருந்துச்சு."

கிட்டே வந்து மேசையைப் பார்த்தாள். வளைந்த பின்கள். கலைந்த தாள்கள். அவன் கையில் ஒன்று.

"பிழை பாக்குறியா? அதுல தப்பா எழுதியிருக்கேனா?"

"இல்ல. ஒண்ணும் தப்பில்ல."

"அப்ப ஏன் அது மட்டும் வெளிய இருக்கு?"

அழைப்பு மணி அடித்தது. இரண்டு முறை, அவசரமாக. அப்படி அடிக்கிற ஆள் ஒருத்தர்தான்.

"முந்தின வண்டியிலயே சீட்டு இருந்துச்சு" என்றபடி அண்ணி உள்ளே வந்தார். "எனக்கே கிடைக்கலன்னா ஊர்ல வேற யாருக்குக் கிடைக்கும்? வாலு, இங்க வா. இளைச்சுட்டியா, வளந்துட்டியா? ரெண்டுந்தான். கையில என்ன, பட்டனா? சட்டையில ஒண்ணு காணுமேன்னு பாத்தேன். என்ன தம்பி, பைண்டிங் வேலைய வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா? எங்க அவ நோட்டு?"

"அப்பா பிரிச்சு வச்சிருக்காரு பெரியம்மா" என்றாள் மகள்.

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. மை கொட்டிவிட்டது என்று சொல்லலாம். மகள் காட்டிக்கொடுக்க மாட்டாள். ஆறு வாரமாகக் காட்டிக்கொடுக்கவில்லையே. அவளும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள், என்ன சொல்லப்போகிறான் என்று. அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, இதப் படிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். புள்ளைய ஸ்கூல்ல மறந்துட்டேன்."

அண்ணி பையைக் கீழே வைக்கவில்லை.

"எப்ப?"

"ஆறு வாரம் முன்னாடி."

"எத்தன மணியிலேருந்து?"

"பன்னெண்டு."

"எத்தன மணி வரைக்கும்?"

"நாலரை."

"நாலு நாப்பது" என்றாள் மகள்.

அண்ணி கையை நீட்டினார். அவன் தாளைக் கொடுத்தான். பதினொன்றாம் பக்கம்தான் மேலே இருந்தது. அதைப் படிக்கும்போது உதட்டோரம் லேசாக இளகியது. திருப்பினார். மடித்த தாளின் மறுபாதிக்குப் போனார். நின்றபடியே படித்தார். ஒரு தடவைக்கு மேல் படித்தார் என்று அவனுக்குத் தோன்றியது.

"இத உருவிடலாம்னுதானே பாத்தீங்க?"

"ஆமா."

"ம்." தாளை மேசையில் வைத்தார். "வாலு, உன் துணியெல்லாம் எடுத்து வை."

மகள் நகரவில்லை. அவன் தடுக்கவில்லை. அன்று சரி என்று சொன்னவன் அவன்தான்.

"முடிவு இன்னும் எழுதலையே பெரியம்மா."

"அங்க வந்து எழுது."

"அங்க வந்தாலும் வராது. மூணு நாளா யோசிக்கிறேன், இங்கயே வரல."

"அப்படி என்னடி வரல?"

"வாட்ச்மேன் நம்பர் கேக்குறாரு இல்ல? அங்க அந்தப் பொண்ணு சரியான நம்பர் சொல்லணும். சொன்னாத்தான் முடிவு மாறும். எனக்கு அப்பா நம்பர் தெரியாது. சும்மா ஒரு நம்பர் போட்டா வேற யாராச்சும் எடுப்பாங்க. கதை எங்கயோ போயிடும்."

"என் நம்பரப் போடு."

"சொல்லுங்க, போடுறேன்."

"தெரியாதா உனக்கு? தினம் சாயங்காலம் நம்ம பேசல?"

"நீங்கதானே பண்றீங்க. நான் பண்ணதில்லையே."

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அடுத்த கேள்வி வரவில்லை. பை இன்னும் மடியில் இருந்தது.

"அவ நம்பர்தான் எனக்கும் மனப்பாடம்" என்றார், யாரிடமோ சொல்வது போல. "உங்க நம்பர் எனக்கும் தெரியாது தம்பி. பேரு போட்டு வச்சிருக்கேன், அமுக்குறேன், அடிக்குது. இந்த எட்டு மாசத்துல ஒரு நாள் இவளுக்குச் சொல்லிக்குடுக்கணும்னு எனக்குத் தோணல பாருங்க."

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"உக்காருங்க. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுடாதீங்க. மறந்தது ஒரு நாளு. மறைச்சது ஆறு வாரம். அதுக்கு இன்னும் பாக்கி இருக்கு உங்களுக்கு." பை மடியிலிருந்து தரைக்கு இறங்கியது. "புள்ள இங்கயே இருக்கட்டும். ஆனா இனிமே எது நடந்தாலும் அன்னிக்கே உங்க வாயாலயே எனக்கு வந்தாகணும். வரலன்னா, அப்ப முடிவ நான் மாத்துவேன். யாரையும் கேக்க மாட்டேன்."

"சரி அண்ணி" என்றான். இந்த முறை எதற்குச் சரி சொல்கிறான் என்று தெரிந்து சொன்னான்.

"நீ எழுதுடி. அப்பா நம்பர் சொல்லுவாரு."

அவன் இரண்டிரண்டு எண்ணாகச் சொன்னான். மகள் எழுதினாள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தாள். கடைசி மூன்று எண்கள் தடுக்கின. மறுபடி சொன்னாள். பிறகு பெரியம்மாவின் போனை வாங்கி, ஒவ்வொரு எண்ணாக அமுக்கினாள். சமையலறையில் அவன் போன் அடித்தது. எழுந்து போய் எடுத்தான்.

"ஹலோ, பாப்பாவோட அப்பாங்களா?" குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டாள். "நான் ஸ்கூல் வாட்ச்மேன் பேசுறேன். உங்க பாப்பா இங்க நிக்குது."

கூடத்தில் அண்ணி ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது.

"இதோ வந்துடுறேன்."

"இதோன்னா எவ்வளவு நேரம் சார்? எழுதணும்."

அச்சகத்திலிருந்து பேருந்து நிறுத்தம் ஐந்து நிமிடம். பேருந்து பதினைந்து. இறங்கி நடக்க இன்னும் ஐந்து.

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"இருவத்தஞ்சுன்னே போட்டுடவா?" இது அவள் குரல். "அப்புறம் மாத்தக் கூடாது."

அவன் சமையலறைச் சன்னல் வழியே தெருவைப் பார்த்தான். சிக்னலில் வண்டிகள் நகராமல் நின்றன. பேருந்து நேரத்துக்கு வராவிட்டால்?

"முப்பதுன்னு போடு" என்றான். "முப்பதுக்குள்ள வந்துடுவேன்."

கூடத்தில் ரப்பர் தேய்க்கிற சத்தம் கேட்டது. போனை வைக்காமல் அவன் காத்திருந்தான்.